மலையில் மழை பிடிப்பதற்குள்: சின்னக் குழந்தைகள் உள்ள வீட்டுக்கு ஓர் அவசரப் பை

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரிப் பக்கம் கரையைக் கடந்தபோது, ஏற்காட்டில் இருந்த நாங்கள் அதைக் கடற்கரைக்காரர்களின் கவலை என்றுதான் நினைத்தோம். அடுத்த இரண்டு நாளில் மழை எங்கள் மலையைப் பிடித்துக்கொண்டது. சேலத்திலிருந்து ஏறி வரும் மலைப்பாதையில் மண் சரிந்து போக்குவரத்து நின்றது. எங்கள் வீட்டில் மின்சாரமும் போய்விட்டது. அப்போது பெரியவனுக்கு நான்கு வயது, சின்னவளுக்கு எட்டு மாதம்.

வீட்டில் அவசரப் பை இருந்தது. பெரியவன் கைக்குழந்தையாக இருந்தபோது கட்டி, பரண்மேல் வைத்தது. அன்றிரவு இறக்கிப் பிரித்தால், டயப்பர்கள் பிறந்த குழந்தை அளவு. காய்ச்சல் சொட்டு மருந்தின் தேதி எப்போதோ முடிந்திருந்தது. டார்ச்சுக்குள் செல் கசிந்து துருவேறிப் போயிருந்தது. ஸ்வெட்டர் அவன் தலைக்குள்ளேயே நுழையவில்லை. பை அப்படியே இருக்க, பிள்ளை வளர்ந்துவிட்டான். பக்கத்து வீட்டு அக்கா கொடுத்த பொருள்களை வைத்துத்தான் மூன்று நாளை ஓட்டினோம்.

சேலத்துக்கோ ஏற்காட்டுக்கோ குழந்தைகளோடு புதிதாகக் குடிவந்தவர்களையும், இங்கேயே இருந்து புதிதாக அம்மா அப்பா ஆனவர்களையும் மனதில் வைத்து இதை எழுதுகிறேன். பெரியவர்களுக்கான பட்டியல்கள் நிறையவே கிடைக்கும். ஐந்து வயதுக்குள் பிள்ளைகள் இருக்கும் வீட்டின் தேவை வேறு. அது ஆறு மாதத்துக்கு ஒருமுறை மாறவும் செய்யும்.

முதலில் வீடு இருக்கும் இடத்தைப் பாருங்கள்

சேலம் கடலுக்கு வெகுதூரம், வறண்ட ஊர், இங்கே வெள்ளம் எங்கே வரப்போகிறது என்று புதிதாக வருபவர்கள் நம்புகிறார்கள். திருமணிமுத்தாறு சேர்வராயன் மலையில் பிறந்து நகரின் நடுவே ஓடுகிறது. மலையில் ஒரு ராத்திரி கொட்டித் தீர்த்தால், நகரில் தூறல் மட்டும் போடும் நேரத்திலும் ஆற்றில் தண்ணீர் ஏறிவிடும். தாழ்வான தெருக்களில் சாக்கடையும் சேர்ந்துகொண்டு வீட்டுக்குள் வரும். வாடகைக்கு வீடு பார்க்கும்போதே தெருமுனை மளிகைக் கடைக்காரரிடம், "மழைக்கு இங்க தண்ணி எதுவரைக்குங்க வரும்?" என்று கேட்டுவிடுங்கள். சுவரில் கை வைத்தே காட்டுவார்.

மலையில் பிரச்சினை சாலைதான். சேலத்திலிருந்து வரும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். குப்பனூர் வழியாக இன்னொரு பாதை உண்டு. ஆனால் ஒரே மழையில் இரண்டுமே அடைபடலாம். ஏற்காட்டில் அரசு மருத்துவமனை இருக்கிறது. அதற்கு மேல் சிகிச்சை தேவைப்பட்டால் கீழே சேலம் அரசு மருத்துவமனைக்குத்தான் இறங்க வேண்டும். அதனால் நகரில் இருப்பவர்கள் மூன்று நாளுக்கு இருப்பு வைத்தால் போதும். மலையில், அதிலும் நாகலூர், வாழவந்தி, மஞ்சக்குட்டை மாதிரி உள்கிராமங்களிலும் எஸ்டேட் குடியிருப்புகளிலும் இருப்பவர்கள் ஒரு வாரத்துக்கு வையுங்கள்.

சரிவை ஒட்டிய வீடு என்றால் சில அடையாளங்களைத் தெரிந்துகொள்ளுங்கள். சுவரிலோ முற்றத்திலோ புது விரிசல், நேற்று வரை நன்றாகச் சாத்திய கதவு திடீரென்று இறுக்குவது, மரமோ மின்கம்பமோ சாய்வது, தெளிவாக ஓடிய ஓடை சட்டென்று செம்மண்ணாகக் கலங்குவது. இவற்றில் ஒன்றைப் பார்த்தாலும் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு உடனே வெளியேறுங்கள். விடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

இருக்க ஒரு பெட்டி, கிளம்ப ஒரு பை

எல்லாவற்றையும் ஒரே பையில் திணித்தால் அவசரத்துக்குத் தூக்க முடியாது. வீட்டிலேயே அடைபட்டுக் கிடக்கும் நாள்களுக்கு, மூடி உள்ள ஒரு பெரிய பிளாஸ்டிக் டப்பா அல்லது டிரம். தண்ணீர் வரும் தெரு என்றால் அதைத் தரையில் வைக்காதீர்கள். வீட்டை விட்டுப் போக வேண்டிய நேரத்துக்கு, முதுகில் மாட்டும் ஒரு பை. பரண் இரண்டுக்குமே சரிவராது. பை கதவுக்குப் பக்கத்தில் ஆணியில் தொங்க வேண்டும்.

பையை மாட்டிக்கொண்டு, ஒரு கையில் குழந்தையைத் தூக்கிக்கொண்டு தெருமுனை வரை ஒருமுறை நடந்து பாருங்கள். நான் நடந்தபோதுதான் எதையெல்லாம் வெளியே எடுத்து வைக்க வேண்டும் என்று புரிந்தது.

தண்ணீர்

நான்கு பேர் கொண்ட குடும்பத்தில் குடிக்கவும் சமைக்கவும் ஆளுக்கு மூன்று லிட்டர் என்று வைத்தால் நாளைக்கு 12 லிட்டர். மூன்று நாளுக்கு 36. ஆக இரண்டு 20 லிட்டர் கேன்கள் எப்போதும் நிரம்பி இருக்க வேண்டும். ஒன்று காலியான அன்றே அடுத்தது வந்துவிடட்டும். மலையில் ஒரு வாரக் கணக்கு என்றால் ஐந்து கேன் பிடிக்கும். கழுவவும் துடைக்கவும் தனித் தண்ணீர்.

சேலத்தில் காவிரித் தண்ணீர் தினமும் வராது என்பதால் டிரம்மிலும் குடத்திலும் பிடித்து வைக்கும் பழக்கம் எல்லா வீட்டிலும் உண்டு. அது நல்லதுதான். ஆனால் திறந்து கிடக்கும் டிரம்மில் டெங்கு கொசு முட்டையிடும். வேட்டித் துணியால் வாயை இறுக்கிக் கட்டுங்கள். அதைவிட முக்கியம், தவழும் குழந்தை இருக்கும் வீட்டில் அரை வாளித் தண்ணீரே உயிருக்கு ஆபத்து. எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழும் குழந்தையால் தானாக எழ முடியாது. சத்தமும் வராது. மழைக்காகக் கூடுதல் தண்ணீர் பிடித்து வைக்கும் நாளில் குளியலறைக் கதவை வெளியே தாழ் போடுங்கள். சம்ப் மூடிக்குப் பூட்டு வாங்குங்கள்.

கேன் தீர்ந்துபோனால் துணியில் வடிகட்டிக் கொதிக்க வையுங்கள். ஏற்காடு சுமார் 1,500 மீட்டர் உயரத்தில் இருப்பதால் இங்கே தண்ணீர் 95 டிகிரி பக்கத்திலேயே கொதித்துவிடும். கிருமி சாக அது போதும். தளதளவென்று கொதி வந்த பிறகு ஒரு நிமிடம் விட்டு இறக்கலாம். அரிசி பருப்பு வேகத்தான் கீழே இருப்பதைவிட நேரம் பிடிக்கும், கேஸும் அதிகம் செலவாகும். எனவே மலையில் குக்கர் கட்டாயம் வேண்டும். கூடவே நிரம்பிய சிலிண்டர் ஒன்று. இடமில்லை என்றால் 5 கிலோ சிறிய சிலிண்டர். இண்டக்‌ஷன் அடுப்பை நம்பி இருக்காதீர்கள்.

சாப்பாடு

ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும், தண்ணீர்கூட வேண்டாம். அந்த வீட்டில் பெட்டி நிரப்ப வேண்டியது அம்மாவுக்காக. பேரீச்சை, கடலை உருண்டை, அவல், சத்துமாவு, கூடுதல் தண்ணீர். நெருக்கடியில் அம்மா கடைசியில் சாப்பிட்டுக்கொள்வாள் என்ற வழக்கத்தை அந்த மூன்று நாளாவது விட்டுவிடுங்கள். பதற்றத்தில் பால் குறைந்த மாதிரி தோன்றும். அடிக்கடி மார்பில் போட்டால் திரும்பச் சுரக்கும்.

பால்பவுடர் குடிக்கும் குழந்தை என்றால் ஒரு டின் பிரிக்காமல் இருப்பில் இருக்கட்டும். காய்ச்சிய தண்ணீரில் டின்னில் போட்ட அளவுப்படிதான் கலக்க வேண்டும். பற்றாக்குறைக்காகத் தண்ணீரைக் கூட்டாதீர்கள். புட்டிக்குப் பதில் பால் சங்கு அல்லது சின்ன எவர்சில்வர் டம்ளர். புட்டியையும் ரப்பரையும் சுத்தமாகக் கழுவ நிறைய வெந்நீர் வேண்டும். சங்கை ஒரு கிண்ணம் வெந்நீரில் கொதிக்க வைத்துவிடலாம். எங்கள் அத்தை தன் பிள்ளைகளுக்குப் புகட்டிய வெள்ளிச் சங்கு இப்போது எங்கள் பையில் இருக்கிறது.

ஆறு மாதத்துக்கு மேல் சத்துமாவுக் கஞ்சி, ராகிக் கூழ், பொட்டுக்கடலை மாவு, வறுத்த ரவை. ஜவ்வரிசி நம் ஊர்ப் பொருள், நன்றாக வேகவைத்துக் கஞ்சியாகக் கொடுக்கலாம். ஆனால் அதில் மாவுச்சத்துதான் அதிகம், அதை மட்டுமே மூன்று வேளையும் ஊட்டக்கூடாது. அங்கன்வாடியில் பெயர் பதிந்திருந்தால் கிடைக்கும் சத்துமாவுப் பாக்கெட்டில் ஒன்றைப் பெட்டிக்கு ஒதுக்குங்கள். சமைக்கவே முடியாத வேளைக்கு வெல்லம் கலந்த ஊறவைத்த அவல், வாழைப்பழம், ரஸ்க். கொஞ்சம் பெரிய பிள்ளைகளுக்குத் தட்டுவடையும் முறுக்கும். தெரிந்த ருசி வாயில் பட்டால் அழுகை நிற்கும். ஃபிரிட்ஜ் இல்லாமல் நிற்கும் பால் டெட்ரா பேக்கில் கிடைக்கிறது. பெரிய அட்டைகளைவிட 200 மில்லி பாக்கெட்டுகள் நல்லது. பிரித்ததை அந்த வேளையே முடித்துவிடலாம்.

இரண்டு எச்சரிக்கை. ஒரு வயதுக்குள் இருக்கும் குழந்தைக்குத் தேன் வேண்டாம், நாக்கில் தடவக்கூட. அதில் இருக்கக்கூடிய ஒரு கிருமி பச்சைக் குழந்தையின் குடலில் பெருகி நஞ்சாகும். அடுத்தது, வேர்க்கடலை, முழுப் பொட்டுக்கடலை, கடலை மிட்டாய் ஆகியவற்றை ஐந்து வயதுக்குள் இருப்பவர்கள் கையில் கொடுக்காதீர்கள். இருட்டில் ஓடியாடிக்கொண்டே தின்னும்போது மூச்சுக்குழலில் சிக்கும். பொடித்துக் கொடுங்கள்.

மருந்து டப்பா

இதற்கு மட்டும் அவசரப்படாமல் ஒரு மாலை நேரத்தை ஒதுக்குங்கள். குழந்தையின் இப்போதைய எடையோடு உங்கள் டாக்டரிடம் போய், காய்ச்சல் மருந்து எத்தனை மில்லி, எத்தனை மணிக்கு ஒருமுறை என்று எழுதி வாங்கி, அந்தச் சீட்டை டப்பா மூடியின் உள்பக்கம் ஒட்டுங்கள். பாராசிட்டமால் சொட்டு மருந்தும் சிரப்பும் ஒன்றல்ல. சொட்டு மருந்தில் பெரும்பாலும் ஒரு மில்லிக்கு 100 மில்லிகிராம். சிரப்பில் ஐந்து மில்லிக்கு 120, 125 அல்லது 250 என்று விதவிதமாக இருக்கும். சிரப் அளவைச் சொட்டு மருந்தில் கொடுத்தால் பல மடங்கு ஏறிவிடும், ஈரல் கெடும். எனவே வீட்டில் ஏதாவது ஒன்றை மட்டும் வையுங்கள். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் வீட்டு மருந்தே வேண்டாம், நேராக மருத்துவமனை.

மழையும் அழுக்குத் தண்ணீரும் சேர்ந்தால் முதலில் வருவது வயிற்றுப்போக்கு. ஓஆர்எஸ் பாக்கெட் குறைந்தது பத்து வாங்குங்கள். ஒரு பெரிய பாக்கெட்டுக்கு ஒரு லிட்டர் காய்ச்சி ஆறிய தண்ணீர், பாதிப் பாதியாகப் பிரிக்கக்கூடாது. கரைத்ததை 24 மணி நேரத்துக்குள் முடிக்க வேண்டும், மீதியைக் கொட்டிவிடுங்கள். ஒவ்வொரு முறை போன பிறகும் இரண்டு வயதுக்குள் என்றால் 50 முதல் 100 மில்லி, அதற்கு மேல் என்றால் 100 முதல் 200 மில்லி, ஸ்பூன் ஸ்பூனாக. வாந்தி எடுத்தால் பத்து நிமிடம் பொறுத்து இன்னும் மெதுவாக. பாக்கெட் இல்லையென்றால் ஒரு லிட்டருக்குத் தலைதட்டிய ஆறு டீஸ்பூன் சர்க்கரை, அரை டீஸ்பூன் உப்பு. கடையில் ஓஆர்எஸ் மாதிரியே அட்டையில் விற்கும் பழச்சுவைப் பானங்களை வாங்கி வராதீர்கள், அவற்றில் சர்க்கரை அதிகம். கூடவே துத்தநாக (ஜிங்க்) மாத்திரை. ஆறு மாதத்துக்கு மேற்பட்ட குழந்தைக்கு வழக்கமாக நாளைக்கு 20 மில்லிகிராம், 14 நாள். அதையும் டாக்டர் சீட்டிலேயே எழுதி வாங்கிக்கொள்ளலாம்.

குழந்தை துவண்டு போவது, பால் குடிக்க மறுப்பது, கண் குழிவது, ஆறு மணி நேரமாகச் சிறுநீர் போகாதது, மலத்தில் ரத்தம். இதில் எது வந்தாலும் 108-ஐ அழையுங்கள், மழை விடட்டும் என்று பார்க்காதீர்கள்.

மூச்சிரைப்பு உள்ள பிள்ளைக்கு நெபுலைசர் மட்டும் போதாது, மின்சாரம் இல்லாமல் அது ஓடாது. ஸ்பேசர் என்ற மருந்து இழுக்கும் குழாயோடு இன்ஹேலர் தரச் சொல்லிக் கேட்டு வாங்கி, முறையைப் பழகிவிடுங்கள். டிஜிட்டல் வெப்பமானி, காயம் கட்டும் காஸ் துணி, பிளாஸ்திரி, மூக்கடைப்புக்கு உப்புநீர்ச் சொட்டு. இருமல் சிரப் வேண்டாம், நான்கு வயதுக்குள் அதனால் நன்மையைவிட ஆபத்துதான் அதிகம்.

குளிரும் இருட்டும்

மலையில் மழை நாளில் மூடுபனி வீட்டுக்குள்ளேயே வரும், துவைத்த துணி மூன்று நாள் ஆனாலும் காயாது. நகரில் துணி நாப்கின் போதும் என்று சொல்வேன். ஏற்காட்டில் டயப்பர் இருப்பு இல்லாமல் முடியாது. கைக்குழந்தைக்கு நாளைக்கு எட்டு என்று கணக்குப் போடுங்கள். அளவு இப்போது போடுவதில் கொஞ்சம், அடுத்த அளவில் கொஞ்சம். குல்லா, சாக்ஸ், இரண்டு செட் உடை, ஒவ்வொரு செட்டும் தனித்தனிப் பிளாஸ்டிக் கவரில்.

குளிருக்கு மூடிய அறைக்குள் கரி அடுப்போ விறகுக் கணப்போ வைக்கவே கூடாது. கரிப்புகையில் வாசனையே இல்லாத கார்பன் மோனாக்சைடு உண்டு. தூக்கத்திலேயே உயிர் போகும், குழந்தைகளை அது சீக்கிரம் தாக்கும். எல்லோரும் ஒரே பாயில், ஒரே கம்பளிக்குள் படுப்பது போதும். கைக்குழந்தையை மட்டும் கம்பளிக்கு வெளியே, முகம் மூடாதபடி உடையாலேயே சூடாக வையுங்கள்.

மெழுகுவத்தி வேண்டாம். நெற்றியில் மாட்டும் விளக்கு ஒன்று வாங்குங்கள், இரண்டு கையும் குழந்தைக்குக் கிடைக்கும். செல்களை டார்ச்சுக்கு வெளியே கவரில் வையுங்கள். பொத்தான் மாதிரி இருக்கும் சின்னப் பேட்டரி போட்ட பொருள் எதுவும் பையில் இருக்கக்கூடாது. விழுங்கினால் சில மணி நேரத்தில் உணவுக்குழாயை அரித்துவிடும். மண்ணெண்ணெய், டெட்டால், பினாயில் எதையும் தண்ணீர் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். இருட்டில் தாகத்தோடு வரும் பிள்ளைக்கு அது தண்ணீர்தான்.

இவ்வளவு சொன்ன பிறகு, ஒரு பொருளை மட்டும் எடுத்துக்கொள் என்றால் நான் பழைய பருத்திச் சேலையைத்தான் எடுப்பேன். அந்த மூன்று நாளில் அது தூளி ஆனது. அடுத்தவர் வீட்டில் பால் கொடுக்க மறைப்பு ஆனது, துவட்டும் துணி ஆனது. வழுக்கும் பாதையில் சின்னவளை மார்போடு சேர்த்துக் கட்டியதும் அதில்தான், அதனால் ஒரு கையில் குடை, இன்னொரு கையில் பெரியவன் விரல் என்று நடக்க முடிந்தது. துவைத்துத் துவைத்து மென்மையான ஆறு கெஜம் இரண்டு வையுங்கள். தூளி கட்டும் கொக்கியை முன்கூட்டியே இழுத்துப் பாருங்கள்.

காகிதம், பணம், எண்கள்

தடுப்பூசி அட்டை, பிறப்புச் சான்றிதழ், குடும்ப அட்டை, ஆதார், காப்பீட்டு அட்டை இவற்றின் நகல்கள் ஒரு ஜிப் கவரில். மின்சாரமும் சிக்னலும் போனால் ஜிபேயும் ஏடிஎம்மும் இல்லை. 2,000 ரூபாயாவது நூறும் ஐம்பதுமாக வையுங்கள். பவர் பேங்க் மாதம் ஒருமுறை சார்ஜ் ஆகட்டும்.

எண்களைக் காகிதத்தில் எழுதுங்கள். ஆம்புலன்ஸ் 108, எல்லா அவசரத்துக்கும் 112, மாவட்டக் கட்டுப்பாட்டு அறை 1077, கேஸ் கசிவுக்கு 1906, மின்சாரத்துக்கு மின்னகம் 94987 94987. வீட்டுக்குள் தண்ணீர் ஏறத் தொடங்கினால், மெயின் சுவிட்ச் இருக்கும் இடம் காய்ந்திருக்கும்போதே அதை அணைத்துவிட வேண்டும்.

பிள்ளைக்கும் ஒரு பை

மூன்று வயதுக்கு மேல் என்றால் அவர்களுக்கே ஒரு சின்னப் பை கொடுங்கள். அதில் ஒரு பொம்மை, சின்ன டார்ச், தண்ணீர் பாட்டில், படக்கதைப் புத்தகம். உள்பக்கம் ஓர் அட்டையில் பெயர், அம்மா அப்பா தொலைபேசி எண், ரத்த வகை, ஒவ்வாமை இருந்தால் அதுவும். வெளியே தெரியும்படி பெயர் எழுதாதீர்கள், அந்நியர் யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட வழி செய்ய வேண்டாம். ஒரு தொலைபேசி எண்ணையாவது பாட்டு மாதிரி சொல்லிக் கொடுங்கள். எங்கள் பெரியவன் ஒரு வாரத்தில் பிடித்துக்கொண்டான்.

இடி இடிக்கும்போது என்ன நடக்கிறது என்று பிள்ளைகளிடம் உள்ளதைச் சொல்லுங்கள். "மழை பெருசா பெய்யுது, ரோடு அடைச்சிருக்கு, நம்மகிட்ட சாப்பாடு இருக்கு, நாம எல்லாரும் ஒண்ணா இருக்கோம்" என்ற நான்கு விஷயம் போதும்.

பிரித்துப் பார்க்கும் நாள்கள்

வருடத்தில் இரண்டு முறை. கோடை மழைக்கும் வெயிலுக்கும் முன்னால் பங்குனியில் ஒருமுறை. சேலத்தில் கோட்டை மாரியம்மன் ஆடித் திருவிழா முடிந்த அடுத்த ஞாயிறு இன்னொரு முறை. ஐப்பசி, கார்த்திகை மழைக்கு அது சரியாக இருக்கும். எல்லாவற்றையும் பாயில் கொட்டுங்கள். உடையையும் செருப்பையும் பிள்ளைக்குப் போட்டே பாருங்கள். எடை பார்த்து மருந்துச் சீட்டைப் புதுப்பியுங்கள். தேதி நெருங்கிய மாவையும் பாலையும் அந்த வாரமே சமைத்துவிட்டுப் புதிது வையுங்கள். டயப்பர் வயது தாண்டிவிட்டால் மீதியைப் புதிதாகக் குழந்தை பிறந்த வீட்டுக்குக் கொடுத்துவிடலாம். எங்கள் சின்னவளின் மீதிப் பாக்கெட்டுகள் அன்று உதவிய அதே அக்காவின் பேத்திக்குப் போயின.

பிறகு ஒரு துண்டுச் சீட்டில் குழந்தையின் எடை, செருப்பு அளவு, அடுத்த முறை பிரிக்க வேண்டிய மாதம் மூன்றையும் எழுதிப் பையின் வெளிப்பக்கம் ஊக்கு குத்தி வையுங்கள். எங்கள் பையில் இப்போது பங்குனி என்று இருக்கிறது.